இரண்டாவது முள்

கோவிந்தனுக்கு அன்று காலையில் தைரியம் கொடுத்தது இந்திதான். புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் முப்பது வீடு உள்ள அவன் ஊரில் இந்தி தெரிந்த ஒரே ஆள் அவன். வரப்போகிற ஃபிஜா மேடத்துக்குத் தமிழில் ‘வணக்கம்’ தாண்டி எதுவும் தெரியாது. அவன் தங்கை சசிகலாவுக்கு இந்தியில் அதுகூடத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் அவன் உட்காரப்போகிறான். அங்கிருந்து எது வந்தாலும் அவன் வாய் வழியாகத்தான் வரவேண்டும், இங்கிருந்து எது போனாலும் அவன் வாய் வழியாகத்தான் போகவேண்டும். அப்புறம் எதற்குப் பயப்படுவது?

ஆனாலும் பயந்தான். ஐந்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான மேட்டுப்பாறையில் ஏறி நின்று, மேடத்தை வரவிடாமல் தடுக்க அவன் சொல்லாத பொய் இல்லை. ரோடு சரிந்துவிட்டது என்றான். ஜீப் ஓடுவதில்லை என்றான். தங்கைக்கு அம்மை போட்டிருக்கிறது என்றான். “பாவம், அப்படியானால் திருப்பத்தூரில் ரூம் எடுத்துத் தங்குகிறேன். குணமானதும் சொல்லுங்கள்” என்றாள் அந்த மகராசி. கெட்டவர்களை மிரட்டியாவது அனுப்பலாம். நல்ல எண்ணத்தோடு கிளம்பியவர்களை என்ன செய்ய முடியும்?

அவள் வருவது காசியைப் பற்றிப் பேச. காசி, சசிகலாவின் புருஷன், கோவிந்தனுக்கு மாப்பிள்ளை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தமான் கடலில் செத்தான். அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் கோவிந்தன்.

மலைக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். மாப்பிள்ளையும் மச்சானும் வெயில் காலத்தில் போளூர்ப் பக்கம் இறங்கிக் கிணறு தூர் வாருகிறவர்கள். நாற்பதடித் தண்ணீரில் மூச்சடக்கி மூழ்கிச் சேற்றை அள்ளுவார்கள். அந்தமானுக்கு ரோடு வேலைக்குப் போனவர்களை அந்த மூச்சுதான் கடலுக்கு இழுத்துப் போனது. அங்கே ஒரு சின்னத் தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டை நட்சத்திர மீன்கள் தின்றுகொண்டிருந்தன. ஃபிஜா போபாலில் பிறந்து கடலைப் படித்தவள். அவளுக்கு மூழ்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். கோவிந்தன் மேஸ்திரி ஆனான். காசியும் ராஞ்சியிலிருந்து வந்த எட்டுப் பேரும் அவனுக்குக் கீழே.

அந்த மீனுக்குப் புத்தகத்தில் முள்கிரீடம் என்று பேர். இவர்கள் முள்ளன் என்றார்கள். சோற்றுத் தட்டு அகலம் இருக்கும், பதினைந்து பதினாறு கை, உடம்பு பூராவும் விஷ முள். பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, தன் வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளி அதன் மேல் போர்த்திவிடும். அங்கேயே கரைத்துக் குடித்துவிட்டு வயிற்றை உள்ளே சுருட்டிக்கொண்டு அடுத்ததற்கு நகரும். அது போன இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புதான் மிச்சம். ஒன்றிரண்டு இருந்தால் திட்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வருஷம் ஆயிரக்கணக்கில் வந்திருந்தன. வெட்டிப் போட்டால் துண்டு பிழைத்துக்கொள்ளும் என்பதால், நீளக் கம்பியின் நுனியில் ஊசி வைத்து ஒவ்வொன்றுக்கும் வினிகர் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆள் நூறு ஊசி போட்டான்.

மூன்றாவது வாரம் காசியின் உள்ளங்கையில் முள் ஏறியது. முழங்கை வரை வீங்கிற்று. இரண்டு நாள் வாந்தி. ஒரு ராத்திரி பூராவும் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். அதைப் பார்த்த ராஞ்சிக்காரர்கள் எட்டுப் பேரும் கம்பியைக் கீழே போட்டுவிட்டார்கள். இனி இறங்கமாட்டோம் என்றார்கள்.

இங்கேதான் மலைப்புத்தி வேலை செய்தது. ஜவ்வாது மலையில் பாறைத் தேன் எடுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம். புதிதாகப் பாறையில் இறங்குகிறவனை, அதற்கு முன்னால் நாலைந்து தேனீயை விட்டுக் கொட்டவைப்பார்கள். காய்ச்சல் வரும், போகும். உடம்பு விஷத்தைப் பழகிக்கொண்டது, இனி எத்தனை கொட்டினாலும் ஒன்றும் பண்ணாது என்பார்கள். கோவிந்தன் அப்படிக் கொட்டு வாங்கியவன், காசியும் வாங்கியவன். ஆகவே முதல் முள்ளில் படவேண்டியதைக் காசி பட்டாகிவிட்டது, அந்தக் கடலிலேயே இனிப் பயமில்லாமல் இறங்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான் என்று கோவிந்தன் நம்பினான். முள்ளனின் விஷம் அதற்கு நேர்மாறு. சில உடம்பு முதல் முள்ளைத் தாங்கிவிட்டு, இரண்டாவதுக்குத் தயாராகக் காத்திருக்கும், அது பட்டதும் ஆளையே கொன்றுவிடும். இது அவனுக்குத் தெரியாது.

தெரியாமல் செய்தது குற்றமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் கோவிந்தன் செய்தது அது மட்டும் இல்லை. காசி இறங்கமாட்டேன் என்றான். அவனை இறக்கினால்தான் மற்ற எட்டுப் பேர் இறங்குவார்கள், மேஸ்திரி உத்தியோகம் நிலைக்கும். அதனால் முதல் முள் குத்திய பன்னிரண்டாம் நாள் காலை அவனை இறக்கினான். கால் மணியில் முள் கெண்டைக்காலில் குத்தியது. கரை சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பிணப்பெட்டியோடு மலையேறியபோது, வழியெல்லாம் யோசித்துவைத்திருந்ததைக் கோவிந்தன் சொன்னான். குடித்துவிட்டு இறங்கி முள்ளில் மாட்டினான், நான் தடுத்தும் கேட்கவில்லை. அவ்வளவுதான். குடித்துச் செத்தவனை அந்த ஊரில் முன்னோர் மேட்டில் புதைக்கமாட்டார்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் புதைப்பார்கள். தைப் படையலில் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். சசிகலா அழவில்லை. பெட்டியின் மேல் மண்ணை வாரி இறைத்து, “குடிகாரப் பாவி, என்னை வுட்டுட்டு அங்க போயி குடிச்சியா” என்று கத்தினாள். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கோவிந்தன். அதிலிருந்து அண்ணன் சொல்தான் அவளுக்கு வேதவாக்கு. மனைவி செத்துத் தனியாகக் கிடந்தவனுக்கு ஏழு வருஷமாக மூன்று வேளைச் சோறு போடுகிறவள் அவள். உலகத்தில் அவனுக்கு வேறு யாரும் இல்லை. இன்றைக்கு அவனுக்குப் போகக்கூடியது அவள்தான். எதைச் செய்தாவது அவளைக் காப்பாற்றிக்கொண்டுவிட வேண்டும் என்று ஜீப்பை எதிர்பார்த்து நின்றான்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சசிகலா கூடத்தில் கொட்டியிருந்த புளியை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தாள். ஃபிஜாவுக்குத் தலை நரைத்திருந்தது. சசிகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு இந்தியில் சொன்னாள்.

“நான் முன்பே வந்திருக்க வேண்டும். அந்தக் காலையில் அவர் உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். டாக்டரிடம் காட்டாமல் நான் இறங்கவிட்டிருக்கக் கூடாது. அதை நினைக்காத நாள் இல்லை.”

சசிகலா அண்ணனைப் பார்த்தாள். “இன்னா சொல்லுது?”

“ஜாக்கிரதையா இருன்னு அன்னிக்கி எவ்ளோ சொன்னேன், கேக்காம போய்ட்டாரேன்னு வருத்தப்படுதும்மா.”

சசிகலா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் செய்த தப்புக்கு ஒரு அந்நியப் பெண் இவ்வளவு தூரம் வந்து வருத்தப்படுகிறாளே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. தலை நிமிராமலே கேட்டாள். “அவரு குடிச்சிருந்தது இந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேளுண்ணா.”

கோவிந்தன் ஃபிஜாவிடம் திரும்பினான். “டீ குடிப்பீர்களா என்று கேட்கிறாள் மேடம்.”

“ஓ, கட்டாயம்” என்று ஃபிஜா சிரித்துக்கொண்டே பலமாகத் தலையாட்டினாள்.

“தெரியுமாம்” என்றான்.

“அதுக்கு இன்னாத்துக்கு சிரிக்குது?”

“பெரிய மனசும்மா. மன்னிச்சிட்டேன்னு காட்டுது. போய் டீ போட்டுக்கினு வா.”

சசிகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோவிந்தனுக்கு வேர்த்த வேர்வை முதுகில் காய ஆரம்பித்தது. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், ஜீப் இறங்கிவிடும், ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை.

டீ வந்த பிறகு ஃபிஜா பையிலிருந்து சின்னப் பலகை அளவு டேப்லெட்டை எடுத்துப் படம் காட்டினாள். முதலில் அந்த வருஷத்துப் படம். தண்ணீருக்கடியில் எலும்புக் குவியல் போல வெள்ளையாகக் கிடந்தது திட்டு. அப்புறம் வருஷவாரியாக. முதல் இரண்டு வருஷம் பாசிதான். மூன்றாவதில் நகக்கண் அளவுக்கு ஒன்றிரண்டு பவளக் குஞ்சு. கடைசிப் படத்தில் முறம் முறமாக விரிந்த பவளம், ஊதா, பழுப்பு, மஞ்சள், நடுவில் மீன் கூட்டம். சசிகலா கையிலிருந்த டீயை மறந்துவிட்டாள்.

“இவ்ளோவும் செத்துப் போய் மறுபடி வந்துதா?”

இதைக் கோவிந்தன் அப்படியே இந்தியில் சொன்னான். ஆபத்தில்லாத இடங்களில் அவன் மிக நேர்மையான மொழிபெயர்ப்பாளன். ஃபிஜாவின் பதிலையும் பிசகாமல் சொன்னான். “எல்லாத் திட்டும் வரலியாம்மா. பக்கத்துத் தீவுல ஊசி போட ஆளு கெடைக்கல, அது இன்னும் சுடுகாடாத்தான் கீதாம். நாங்க எறங்குன திட்டு மட்டும் பொழச்சிக்கிச்சாம். உன் வூட்டுக்காரரு பேரை அதுக்கு வெக்கப் போறாங்களாம். காசித் திட்டுன்னு.”

ஏழு வருஷமாக ஊரில் யாரும் வாய் திறந்து சொல்லாத பேர். சசிகலா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். கோவிந்தனுக்கும் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை. தன்னால் செத்தவனுக்காக அவன் நிஜமாகவே அழக்கூடியவன். அழுதுகொண்டே அடுத்த பொய்யையும் யோசிக்கக்கூடியவன்.

ஃபிஜா சசிகலாவின் தோளைத் தொட்டாள். “இன்னொன்று இருக்கிறது. போன மாதம் பழைய கேமராவிலிருந்து எல்லாவற்றையும் மாற்றி எடுக்கும்போது கிடைத்தது. அந்தக் காலையில் படகில் நான் எடுத்தது. அவர் பேசுகிறார். என்ன பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மச்சானோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். அவர் குரல் உங்களிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் நேரில் வந்தேன்.”

கோவிந்தனுக்கு அந்தக் காலை ஞாபகத்துக்கு வந்தது. கேமரா ஞாபகத்துக்கு வரவில்லை. மேடம் கையில் எந்நேரமும் ஒரு கேமரா இருக்கும், அதை யார் கவனித்தார்கள்?

“மேடம், வேண்டாம்” என்றான். “அவளுக்கு நெஞ்சு பலவீனம். தாங்கமாட்டாள். என்னிடம் கொடுங்கள், நான் பிறகு பக்குவமாகக் காட்டுகிறேன்.”

“இன்னாண்ணா?” என்றாள் சசிகலா.

“ஒண்ணுமில்லம்மா. கடல் படம் இன்னும் கீதாம். போதும்னு சொல்றேன்.”

ஆனால் ஃபிஜாவின் விரல் அதற்குள் திரையைத் தொட்டுவிட்டது. படகு ஆடியது, வெளிச்சம் கண்ணைக் கூசியது, நடுவில் காசி உட்கார்ந்திருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது. சசிகலாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

சுற்றி எட்டு ராஞ்சிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் கெஞ்சுவதற்குக் காசிக்குக் கூச்சம். அதனால் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கெஞ்சினான்.

“வேணாம் மச்சான். இன்னும் நெஞ்சை அடைக்குது. இன்னிக்கி ஒரு நாள் வுட்டுடு.”

படத்துக்கு வெளியே கோவிந்தனின் குரல். “ஒரு கொட்டு வாங்கிட்ட இல்ல? இனிமே ஒண்ணும் பண்ணாது. எறங்கு.”

“இது தேனீ இல்ல மச்சான். பயமா கீது.”

“அவனுங்க எட்டுப் பேரும் உன்னையே பாத்துக்கினு கீறானுங்க. நீ எறங்கலன்னா ஒருத்தனும் எறங்கமாட்டான். என் மானத்த வாங்காத. பொம்பள மாதிரி அழுதுக்கினு, எறங்குடா.”

காசி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை முகத்தில் மாட்டினான். ஃபிஜாவின் குரல் இந்தியில் ஏதோ கேட்டது, கோவிந்தனின் குரல் இந்தியில் உற்சாகமாகப் பதில் சொன்னது. காசி படகின் விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தான். தண்ணீர் தெறித்தது. படம் நின்றது.

ஃபிஜா ஆவலோடு சசிகலாவின் முகத்தைப் பார்த்தாள். சசிகலா அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தன் பாயின் ஓரத்தில் இருந்த ஒரு புளியங்கொட்டையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

“கடைசியா நீ இந்தியில இன்னா சொன்ன?” என்றாள் சசிகலா.

“சசி, நான் சொல்றத கேளு...”

“இந்தம்மா கேட்டுது, நீ பதில் சொன்ன. இன்னா சொன்ன?”

“உடம்பு ஜோரா கீது, அவனே எறங்கறேன்னு சொல்றான்னு சொன்னேன்.” அவனுக்கே தெரியாமல் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது.

“சரி. இப்ப அவரு பேசுனத இந்தம்மாவுக்குச் சொல்லு.”

கோவிந்தன் ஃபிஜாவிடம் திரும்பினான். அந்த நேரத்திலும் அவன் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். “இன்றைக்குக் கடல் அழகாக இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்ல வேண்டும் என்கிறார் மேடம்” என்றான்.

ஃபிஜாவின் முகம் மலர்ந்தது. கண்ணில் நீரோடு சசிகலாவைப் பார்த்துச் சிரித்தாள்.

சசிகலா அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். “அது சிரிக்குது. நீ சொல்லல.”

“சொன்னேம்மா, சத்தியமா...”

“அது சிரிப்ப நிறுத்தற வரைக்கும் சொல்லு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். வெளியே டிரைவர் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். கோவிந்தன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான். நெஞ்சை அடைக்கிறது என்றான். பயமாக இருக்கிறது என்றான். இறங்குடா என்றதையும் சொன்னான். சொல்லச் சொல்ல ஃபிஜாவின் சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. டேப்லெட்டை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு அவனிடமிருந்து தள்ளி உட்கார்ந்தாள்.

“அன்றைக்கு நீங்கள் என்னிடம் வேறு மாதிரி சொன்னீர்கள்” என்றாள்.

இதை அவன் மொழிபெயர்க்கவில்லை. சசிகலாவும் கேட்கவில்லை. அவள் திரும்பி வந்து ஃபிஜாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“குடிச்சிருந்தாரான்னு கேளு. இந்த வாட்டி டீயக் கேக்காத.”

முதலில் ஃபிஜா சிரித்துத் தலையாட்டியது எதற்கு என்று அவளுக்கு இப்போது புரிந்துவிட்டிருந்தது. அவன் கேட்டான். ஃபிஜா இல்லை, இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

“முள்ளு குத்தி எவ்ளோ நேரம் உசிரோட இருந்தாருன்னு கேளு.”

“உடனே போய்ட்டாம்மா, நான்தான் சொன்னேன் இல்ல...”

“உன்ன கேக்கல. அந்தம்மாவ கேளு.”

அவன் பக்கத்திலேயே இருந்து பார்த்த ஒன்றை, தெரியாதவன் போல, இந்தியில் கேட்டான். ஃபிஜா கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சசிகலாவிடம் நீட்டினாள். கண்ணாடியின் மேல் விரலை வைத்துப் பன்னிரண்டிலிருந்து மெதுவாக எட்டு வரை நகர்த்தினாள். நாற்பது நிமிஷம். சசிகலா அந்த விரல் போன வழியில் தன் விரலை வைத்து ஒருமுறை நகர்த்திப் பார்த்தாள்.

“ஏதாச்சும் பேசுனாரா?”

கோவிந்தன் கேட்டான். ஃபிஜா சொன்னாள். அவன் தமிழில் சொன்னான். “முதல் பத்து நிமிஷம் பேசுனாராம். அப்புறம் தொண்டை அடைச்சிக்கிச்சாம்.”

“இன்னா பேசுனாராம்?”

ஃபிஜா கையை விரித்தாள். தமிழில் பேசினார், எனக்குப் புரியவில்லை என்றாள். அவர் தலை கோவிந்தனின் மடியில் இருந்தது, கோவிந்தனுக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். கோவிந்தன் இதை அட்சரம் பிசகாமல் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு ஒரு நப்பாசைகூட வந்தது. தங்கைக்குக் கொடுக்கத் தன்னிடம் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, வேறு யாரிடமும் இல்லாதது.

காசி அந்தப் பத்து நிமிஷமும் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ‘நான் பயந்தேன்னு சசிகிட்ட சொல்லிடாத மச்சான்.’ ஏழு வருஷமாக ஒரு நாள்கூட அது கோவிந்தன் காதை விட்டுப் போனதில்லை.

“சசி” என்றான். “அவன் உன் பேரைத்தாம்மா சொன்னான். இன்னா சொன்னான்னு நான் சொல்றேன். இது சத்தியமா, அப்படியே...”

“வேணாம்” என்றாள் சசிகலா.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. கேட்டுட்டு அப்புறம் என்ன வேணாலும் பண்ணு.”

“உன் வாயில வந்தா அது அவரு சொன்னதா இருக்காது. அது போனது போனதுதான்.”

அவள் ஃபிஜாவின் மடியிலிருந்த டேப்லெட்டை எடுத்துத் திருப்பி, எங்கே தொட வேண்டும் என்று சைகையால் கேட்டாள். ஃபிஜா தொட்டுக் காட்டினாள். படகு மறுபடி ஆடியது. இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். கோவிந்தன் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வெளியே போனான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.